முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு

பதினெட்டு வருடமாக வீடு விற்றுக் கொடுக்கும் தரகன் நான். 'பேருந்து நிறுத்தம் ஐந்தே நிமிடம்' என்று நான் எழுதினால், ஓடுகிறவனுக்கு ஐந்து நிமிடம் என்று அர்த்தம். 'நல்ல காற்றோட்டம்' என்றால் ஜன்னல் சரியாக மூடாது. ஊரார் காதில் இத்தனை பூ சுற்றிய நான், போயும் போயும் ஒரு விளம்பரத்தை நம்பினேன்.

என் தொழிலில் சம்பளம் கிடையாது. வீடு விற்றால் கமிஷன், விற்காவிட்டால் கால்வலி. மருத்துவக் காப்பீடு எடுத்துத் தர முதலாளியும் இல்லை. தரகர் சங்கத்தில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பாலிசி வைத்திருந்தோம். தலைவர் பதவிக்கு அடித்துக்கொண்டு சங்கம் இரண்டானபோது அதுவும் போயிற்று. போன வருடம் என் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததெல்லாம் மனைவியின் கம்பெனிக் காப்பீட்டில்தான். துணிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். வீடு திரும்பினால் செருப்பைக் கழற்றவே பாடுபடுவாள், பாதம் அப்படி வீங்கியிருக்கும்.

போன வாரம் ஃபோனில் அந்த விளம்பரம் வந்தது. 'சொந்தத் தொழில் செய்வோருக்கு, முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு.'

"நீ நின்னது போதும். வேலையை விட்டுடு," என்றேன், பெரிய மனிதன் மாதிரி.

மறுநாளே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வந்தாள். அன்று சமைக்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அதைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

இன்று விண்ணப்பம் நிரப்ப அவள் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் காப்பீட்டு முகவர். இதற்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காததற்குக் காரணம் என் வீம்பு, வேறொன்றுமில்லை. அவன் ஃபோனை வாங்கிக் கடைசிவரை தள்ளிக்கொண்டே போனான்.

"மாமா, கீழ பொடி எழுத்துல இருக்கே, படிச்சீங்களா?"

"என்ன இருக்கு?"

"முதல் நாள்லேருந்துங்கிறது விபத்துக்கு மட்டும். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூணு வருஷம் காத்திருக்கணும்."

"வேற கம்பெனி?"

"பார்த்துட்டேன். ஒண்ணுல ரெண்டு வருஷம், ஆனா அந்த பிரீமியம் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஸ்டென்ட்டை மறைச்சிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. கண்டுபிடிச்சா ஒண்ணும் வராது."

அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அசடு வழிந்தது.

சமையலறை வாசலில் நின்று அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை திட்டினால் தேவலை போலிருந்தது. அவளோ வந்து உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கே போட்டா, அந்த மூணு வருஷம் இன்னிக்கே ஆரம்பிச்சிடுமாடா?"

"பணம் கட்டி பாலிசி வந்த நாள்லேருந்து, அக்கா."

"அப்ப போட்டுடு. அதுவரைக்கும் கம்பெனிக் காப்பீடு இருக்கட்டும்."

"கம்பெனியில விடறேன்னு சொல்லிட்டியே," என்றேன்.

"இன்னும் ஆள் எடுக்கலை. நாளைக்குப் போய்க் கேட்டுப் பார்க்கறேன்."

"அந்த சூப்பர்வைசர் சும்மா விடமாட்டானே?"

"நக்கலா ரெண்டு வார்த்தை பேசுவான். பேசட்டும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதியாக இருந்ததுதான் பெரிய வெட்கம்.

தம்பி என் பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதி முடித்து அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, உனக்குத் தொழில் என்னன்னு போட? வீட்ல இருக்கேன்னா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"வேலைக்குப் போறேன்னு போடு," என்றாள்.