தண்ணீர் இஞ்ஜின்காரரும் காற்று இஞ்ஜின்காரியும்

1.

இந்தக் கதை என் ஈரத் துணிகளுக்கு மேலாகப் பறந்து வந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். என் கொல்லையில் நின்று என் துணிகளை நான் உலர்த்திக்கொண்டிருந்தேன். (காய்ந்த துணியை மறுபடி நனைத்து உலர்த்தியது வேறு விஷயம்.)

வலப்பக்கத்து வீட்டில் அவர். இடப்பக்கத்து வீட்டில் அவள். நடுவில் நான், என் தையல் மிஷின், எதையும் நம்பாத என் அக்கா. எங்கள் தெரு போய் முட்டும் இடத்தில் ஒரு பெரிய விமானக் கொட்டகை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பறந்த சண்டை விமானங்களைப் பழுதுபார்த்துப் பார்வைக்கு வைப்பார்கள். அவற்றுக்கு உறையும் இருக்கை மெத்தையும் தைப்பது நான். அவர் அங்கே ஒரு விமானத்தின் இஞ்ஜின் மெக்கானிக். இஞ்ஜின், தண்ணீரால் குளிர்விக்கும் வகை. அவளை வெளியூரிலிருந்து வரவழைத்தது வேறொரு விமானத்துக்காக. அதில் இருப்பது காற்றாலேயே குளிரும் இஞ்ஜின்.

மாலையானால் இருவரும் தத்தம் கொல்லையில் நின்று, என் கொடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, எந்த இஞ்ஜின் உசத்தி என்று சண்டை போடுவார்கள்.

2.

கதையை இப்படித் தொடங்கினேன்:

இரும்புப் பறவையொன்று தன் உறைந்த இதயம் மீண்டும் துடிக்காதா என்று

(அக்கா எட்டிப் பார்த்தாள். “யாருக்குடி நெஞ்சு வலி?” என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

பிறகு இப்படி:

பிஸ்டன் இஞ்ஜின்களின் வரலாற்றை நோக்குங்கால்

(எனக்கே கொட்டாவி வந்தது.)

சரி, சண்டையையே போடுகிறேன். கேட்டது கேட்டபடி.

“உங்க இஞ்ஜின் அழகுதான், யாரு இல்லேன்னா? பன்னெண்டு சிலிண்டரும் ரெண்டு வரிசையா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி. ஆனா ரேடியேட்டர்ல ஒரே ஒரு குண்டு பட்டாப் போதும். தண்ணி ஒழுகி, சூடேறி, அப்படியே இறுகி நின்னுரும்.”

“படாம ஓட்டணுங்க. மூக்கு ஒல்லி, காத்தைக் கிழிச்சிட்டுப் போகும். உங்களது? சிலிண்டரையெல்லாம் வட்டமா அடுக்கி, அண்டாவ முன்னால கட்டிட்டுப் பறக்கற மாதிரி.”

“அண்டாதான். ஒரு சிலிண்டர் பிஞ்சு போனாலும் ஆளை வீடு சேத்த அண்டா.” அவள் விடவில்லை. “அது போகட்டும். விமானத்தோட தலையச் சட்டுனு கீழ குத்தினா உங்க இஞ்ஜின் ஏன் இருமுச்சு? எதிரி இஞ்ஜின்ல பெட்ரோலை நேரா உள்ள பீய்ச்சற பம்பு. உங்களுக்குக் கார்புரேட்டர். பெட்ரோல் சரியாப் போய்ச் சேராம பொக்குனு அணைஞ்சு போகும்.”

“அதைத்தான் சரி பண்ணிட்டாங்களே.”

“யாரு பண்ணா? ஒரு பொம்பளை இஞ்ஜினியர்! நடுவுல ஓட்டை போட்ட சின்னத் தகடு ஒண்ணு. அவ்வளவுதான் வைத்தியம்.”

“அதாங்க நானும் சொல்றேன். எங்க பக்கம் ஒரு பொம்பளை துணை இல்லாம ஓடாது.”

சொன்னவர் அடுத்த நொடி வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் கொடியில் தொங்கிய என் போர்வையை விலக்கிப் பார்த்தாள். அங்கே நான் நின்றிருந்தேன். “துணி காஞ்சிருச்சா?” என்றாள். “எங்க காயுது,” என்றேன்.

3.

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. கதாபாத்திரத்துக்குள் ஏதாவது இருக்கிறதா, நான்தான் சும்மா அடைக்கிறேனா? மனைவி தவறிப் பல வருடமாகிறது. அவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்து கலைந்ததாகக் கேள்வி. (கேள்வி கேட்டவள் நான்தான்.)

ஆதாரம் ஒன்று இருக்கிறது. அவள் இஞ்ஜினுக்கு வரவேண்டிய உதிரி பாகம் தாமதம் என்றால் அவர் விசிலடிப்பார். அது வந்து சேர்ந்துவிட்டால் மூன்றாவது வீடு வரை கேட்கும்படி இருமுவார். ஏன் என்றால், அந்த இஞ்ஜின் ஒழுங்காக ஓடிவிட்டால் விமானம் கடல் தாண்டி அதன் சொந்தக்காரரிடம் போகும். கூடவே இருந்து பராமரிக்க அவளும் போவாள். பேச்சே அப்படித்தான். ஓடாதவரை அவள் என் இடப்பக்கத்து வீட்டில் இருப்பாள்.

“அப்ப வாயத் தொறந்து ‘போகாதே’ன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றாள் அக்கா.

“அவருக்கு இஞ்ஜினைப் பத்தி மட்டுந்தான் பேசத் தெரியும்க்கா.”

4.

(இனி வருவது கொஞ்சம் இஞ்ஜின் பாடம். தாண்டிப் போய்விடாதீர்கள். கதை இதற்குள்தான் மாட்டியிருக்கிறது.)

வட்ட இஞ்ஜினில் சில சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும். சும்மா நிற்கும்போது எண்ணெய் கசிந்து அவற்றுக்குள் இறங்கிவிடும். அப்படியே கிளப்பினால், நசுங்காத எண்ணெயை பிஸ்டன் நசுக்கப் பார்க்கும். உள்ளே இரும்புத் தண்டு வளைந்துவிடும். அதனால் முதலில் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். எங்கேயாவது முட்டி நின்றால் அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். பின்பக்கமாக மட்டும் சுற்றவே கூடாது. சுற்றினால் எண்ணெய், காற்றை உள்ளே இழுக்கும் உறிஞ்சுகுழாய்க்குள் ஏறி ஒளிந்துகொள்ளும். கைக்கு எல்லாம் இலகுவாக இருக்கும். இஞ்ஜின் கிளம்பியதும் எண்ணெய் திரும்ப இறங்கி வந்து வேலையைக் காட்டும்.

தண்ணீர் இஞ்ஜினிலேயே காலம் தள்ளிய ஒருவர் தெரியாமல் செய்யக்கூடிய தப்பு. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அவள் இஞ்ஜினை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும் நாள், காலையில் குளிர். அவள் மேலே விமானி இருக்கையில். புரொப்பெல்லர் பிளேடைச் சுற்ற ஆள் வேண்டும் என்றதும் அவர் தானாக வந்து நின்றார். நான் மெத்தைக்கு அளவெடுக்கப் போய் இறக்கை ஓரம் நின்றிருந்தேன். அந்த விமானத்தின் மூக்கு பெரிது. மேலே இருப்பவருக்கு முன்னால் நிற்பவர் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

ஒரு பிளேடைத் தள்ளினார். அடுத்ததையும் தள்ளினார். அதற்கடுத்தது பாதியில் நின்றுவிட்டது. தோள் கொடுத்து அழுத்தாமல், உள்ளங்கையைப் பிளேடின்மேல் வைத்தபடி அப்படியே நின்றார்.

“என்னாச்சுங்க? சுத்துதா?” மேலிருந்து அவள் குரல்.

அவர் கை பிளேடின் மறுபக்கத்துக்குப் போனது. கொஞ்சம் பின்னால் இழுத்தால் போதும்.

5.

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிக் கிழித்தேன்.

முதலாவதில் இழுத்துவிட்டார். தண்டு வளைந்தது. புதிய பாகம் வர மாதக்கணக்கானது. அவள் தங்கினாள், கல்யாணம், ஜாக்கெட் நான் தைத்தது.

அக்கா பேப்பரை என் மடியில் போட்டாள். “அந்தப் பொண்ணு உசுரக் குடுத்துச் செஞ்ச இஞ்ஜினை உடைச்சிட்டு, அவ எதிர்லயே உக்காந்து சாப்பிடுவாரா? சோறு இறங்குமாடி?”

இரண்டாவதில் உண்மையைச் சொன்னார். அவள் பறந்து போனாள். அவர் வெறும் வானத்தைப்

“போதும், நிறுத்து,” என்றாள் அக்கா. நிறுத்தினேன்.

6.

நடந்தது இது.

அவர் கையை எடுத்தார். “சுவிட்சைத் தொடாதீங்க! கீழ ஒண்ணுல எண்ணெய் நிக்குது!” கொட்டகையே அதிரக் கத்தினார்.

அவள் இறங்கி வந்தாள். பிளேடைத் தானே ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“பின்னால சுத்தினீங்களா?”

“இல்லைங்க.”

“சுத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“தெரிஞ்சிருக்காதுதான்.”

“இது ஓடினா நான் போயிருவேன். அதுவும் உங்களுக்குத் தெரியும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அளவு நாடாவைப் படித்தேன். அப்படியொரு சுவாரஸ்யமான நாடாவை என் ஆயுசில் படித்ததில்லை.

அவள் ஸ்பானரை எடுத்துக் கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினாள். அடியில் ஒரு தகரத் தட்டை நகர்த்தினாள். எண்ணெய் நூலாக இறங்கத் தொடங்கியது. கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் கொஞ்சம் இடமும் விட்டாள்.

“இது வடியறவரைக்கும் எனக்கு வேற வேலையில்ல,” என்றாள். “இஞ்ஜின் பேச்சு வேணாம். வேற சொல்லுங்க.”

அவர் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார்.

நான் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். (அக்கா இதை இன்னும் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.) அவர் சொன்னதை நானே இட்டுக்கட்டி எழுதியிருக்க முடியும், இவ்வளவு காலம் தெருவுக்கெல்லாம் அதைத்தானே செய்தேன். இதற்கு மட்டும் கை வரவில்லை.

கதவை முழுக்கச் சாத்தாமல் வந்திருக்கிறேன். வேண்டுமானால் நீங்கள் போய் நின்று கேளுங்கள். அவசரமில்லை. காலைக் குளிருக்கு எண்ணெய் கெட்டியாக இருந்தது, மெதுவாகத்தான் இறங்கும்.