குரலுக்கு இரண்டு சாட்சிகள்

அந்தக் காவலாளி பெஷாவர்க்காரன் என்றுதான் எனக்கு நினைவு. நேபாளி என்றும் மீரா சாகிப் ஒருமுறை சொல்லியிருக்கிறார். தொண்ணூற்றைந்தின் கடைசி என்பதையும் நான் சத்தியம் செய்து சொல்லமாட்டேன். ஆனால் அவன் சொன்ன இரண்டு சொற்களை மட்டும் மீரா சாகிப் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. துபாயில், அமெரிக்க விசா அலுவலகத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, கையைக் குறுக்கே ஆட்டி, "சர்க்கார் பந்த்" என்றானாம். அரசாங்கம் மூடியிருக்கிறது.

மீரா சாகிபுக்குப் புரியவில்லை. ஏதாவது பெருநாளா என்று கேட்டார். இல்லை, அமெரிக்காவில் தலைவர்களுக்குள் செலவுக் கணக்கில் தகராறு, யாரும் இறங்கி வரவில்லை, அதனால் வேலை நின்றுவிட்டது என்றான். எப்போது திறக்கும் என்றதற்கு வானத்தைக் காட்டினான்.

உள்ளே ஏதோ ஓர் அலமாரியில் அவருடைய பாஸ்போர்ட் கிடந்தது. அவராகக் கொடுத்ததல்ல. அவரை வேலைக்கு எடுத்த அர்பாபின், அந்த அரபு முதலாளியின், வீட்டில் பல வருஷமாகக் காரோட்டுகிறார். பாஸ்போர்ட் அன்றிலிருந்தே அர்பாபின் இரும்புப் பெட்டியில்தான். கிழவருக்கு இதய ஆபரேஷன் அமெரிக்காவில் என்று முடிவானபோது, மீரா போடும் டீதான் எனக்கு ஒத்துக்கொள்ளும், அவனும் வரட்டும் என்று சொல்லி, வீட்டார் பாஸ்போர்ட்டுகளோடு இதையும் அனுப்பிவிட்டார். ஊரில் மகளுக்கு நிக்காஹ் இருக்கிறது என்று மீரா சாகிப் வாசலில் நின்று சொன்னார். அதற்குள் வந்துவிடும் என்றார் அர்பாப். அவரும் பொய் சொல்லவில்லை. ஓர் அரசாங்கம் கடை மாதிரி கதவைச் சாத்தும் என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் வேறு வாங்கலாம். இது தொலையவில்லை. எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

அல் குசைஸில் அவரோடு ஒரே அறையில் இருந்த பொன்னுச்சாமி, கட்டட வேலைக்காரர், சைட்டில் இன்ஜினியர் போட்டுவிட்டுப் போன ஆங்கிலப் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்தார். அதில் சங்கிலி போட்ட ஒரு வாசலின் படம்.

"பாருங்க பாய், நெசமாத்தான் பூட்டிருக்கான். காசுச் சண்டையாம். இன்ஜினியரு சொல்றாரு, எல்லையில வேலி போட்டு வெளிநாட்டுக்காரன உள்ள விடாம இருக்கறதும் அங்க ஒரு பெரிய பேச்சாம்."

"நான் உள்ள விடுன்னு கேட்டனா பொன்னுச்சாமி? வெளியதானே போகணுங்கறேன்."

பொன்னுச்சாமி பேப்பரை மடித்து, மீரா சாகிபின் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, குளிக்கப் போய்விட்டார்.

ஊர் தொண்டி. நிக்காஹ் நோன்புக்கு முந்தின மாதம். மாப்பிள்ளை சவூதியில் தம்மாமிலிருந்து குறைந்த லீவில் வந்திருந்தார், தள்ளிப்போட வழியில்லை. வீட்டுக்குப் போன் போட்டால் மனைவி ருக்கையாவின் தம்பி அஸ்கர் அலிதான் எடுத்தான்.

"மச்சான், உள்ளதச் சொல்லுங்க. ஜெயில்ல எதுவும் இருக்கியளா?"

"அல்லா மேல ஆணையா இல்லப்பா. அமெரிக்கா கவர்மெண்ட மூடிட்டாங்க. பாஸ்போட்டு உள்ள மாட்டிக்கிச்சு."

"யாரு மூடுனா?"

"அவங்களேதான். காசுக்கு ஒத்துவரல."



"அமெரிக்காக்காரனுக்குக் காசில்ல. ம். போன தடவ அர்பாபுக்குச் சுகமில்லன்னிய. அதுக்கு முந்தி லீவு தரலன்னிய. அதெல்லாமாச்சும் நம்புற மாதிரி இருந்துச்சு மச்சான்."

மீரா சாகிப் ரிசீவரை வைத்தபிறகும் போன் கூண்டைவிட்டு வெளியே வரவில்லை. முன்பு சொன்ன இரண்டும்கூட உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல இப்போது வாய் வரவில்லை. பல வருஷம் வராமலே இருந்தவனுடைய உண்மைக்கு என்ன எடை இருக்கும் என்று யோசித்தார். ருக்கையா போனுக்கு வரவில்லை. அவள் பின்னால் நின்றிருப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

தகப்பன் இல்லாத இடத்தில் அவன் சார்பாக நிக்காஹ் செய்துகொடுக்க ஒருவரை வக்கீலாக நியமிக்கலாம். போனில் சொன்னால் செல்லுமா என்று ஊர்ப் பள்ளிவாசல் ஹஜரத் தயங்கினார். குரல் தெரிந்த இரண்டு பேர் சாட்சி சொன்னால், தானே வக்கீலாக இருப்பதாக ஒப்புக்கொண்டார்.

நிக்காஹ் அன்று மீரா சாகிப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போன் கூண்டுக்குள் நின்றார். பக்கத்து வீட்டு சுஐபு முதலில் கேட்டுவிட்டு, "நம்ம மீரா காக்காதான்" என்றார். அடுத்து ரிசீவர் அஸ்கர் அலியிடம் போனது.

"பேசுங்க மச்சான்."

"நான்தான் அஸ்கரு."

பிறகு சற்றுத் தள்ளி, சபையைப் பார்த்துச் சொல்லும் குரல் கேட்டது:

"கொரல் அவரோடதுதான், ஹஜரத். பேச்சுத்தான் நம்ப முடியல."

சபை சிரித்தது. அத்தனை பேர் ஒன்றாகச் சிரிப்பதைக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது, அவரும் சிரித்துவிட்டார். ஹஜரத் கேட்டார், மகள் ஸஹ்ராவை நிக்காஹ் செய்துகொடுக்க என்னை வக்கீலாக்குகிறீர்களா என்று. "ஆக்குறேன்" என்றார். மறுபடி ஒருமுறை, சத்தமாக, "ஆக்குறேன்."

யாரோ ரிசீவரை வாங்கி மேசைமேல் வைத்தார்கள். வைத்தவர் அதை மறந்துபோனார். ஓதும் குரல் தூரத்தில் கேட்டது. பிறகு பாத்திரங்கள். ஒரு குழந்தையின் அழுகை. "சுஐபு காக்காவுக்கு சஹன் தட்டுல கறி வைங்க" என்று ருக்கையா சொல்வது மிகத் தெளிவாக. அவர் "ருக்கையா" என்று ஒருமுறை கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. அதன்பிறகு கூப்பிடவில்லை. போன் கார்டில் காசு தீரும்வரை, சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, தன் வீட்டைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அமெரிக்காவில் சண்டை ஒருவழியாகத் தீர்ந்து கதவு திறந்தது. பாஸ்போர்ட் விசா முத்திரையோடு வந்தது. அர்பாப் அதற்குள் லண்டனில் ஆபரேஷனை முடித்திருந்தார். அந்த விசா உபயோகமாகவில்லை. பொன்னுச்சாமி ஒப்பந்தம் முடிந்து ஊரோடு போய்விட்டார். ஸஹ்ரா கணவனோடு தம்மாமில் இருக்கிறாள். அடுத்த வருஷம் மீரா சாகிப் ஊருக்குப் போனபோது, அஸ்கர் அலி அந்த முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். திருப்பிக் கொடுத்து, சாப்பிட வாங்க மச்சான் என்றான்.

ஸஹ்ரா மட்டும் ஒருமுறை தம்மாமிலிருந்து போனில் கேட்டாள், "அத்தா, அன்னைக்கி நீங்க பேசுனதும் லைன் கட்டாயிருச்சா?"

"ஆமாம்மா," என்றார். "ஒடனே."