எண்ணெய் குடித்த பலகை

...மறுபடியும் அதே இடத்தில்தான், அதே வட்டம்தான், மற்ற இடமெல்லாம் வார்னிஷ் ஒழுங்காகப் படிந்து பளபளக்கிறது, இங்கே மட்டும் குட்டிக் குட்டிக் குழிகளாக விலகி நிற்கிறது, தொட்டால் பிசுபிசுக்கிறது, நேற்றெல்லாம் காயவிட்டும் இப்படி என்றால் இதற்கு மேல் என்னதான் செய்வது என்று உஷாராணிக்கு அலுப்பாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, பூச்சோங் ஊரே தூங்குகிறது, எதிர்வீட்டு நாய்கூடக் குரைக்கவில்லை, இவள் மட்டும் கார் போர்ச்சில் இரண்டு முக்காலிக்கு நடுவே ஒரு கிடார் உடம்பைக் கிடத்தி வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். கார் போர்ச் என்று பேர்தான், கார் வெளியே ரோட்டில் வெயிலில் காய்கிறது. மத்தியானம் லோகன் வந்துவிடுவான், தம்பி வருகிறான் என்று சந்தோஷப்படுவதா, இந்த வட்டத்தைப் பார்த்து என்ன கேட்பானோ என்று பயப்படுவதா... இரண்டும்தான் இருந்தது, பயம்தான் கொஞ்சம் கூடுதல்.

வாரம் முழுக்க பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல்செட் லேபில் அடுத்தவர் வாய்க்குப் பல் தேய்த்துக் கொடுக்கிறவள் அவள், நாக்கு பட்டால் உறுத்தக்கூடாது என்று வழவழப்பாக்கித் தேய்ந்த விரல்கள், அந்த விரலுக்கு இந்தக் குழி எவ்வளவு சின்னதானாலும் தெரியும். கோவிட் சமயத்தில் லேபை மூடியபோது சும்மா இருக்க முடியாமல் யூடியூபைப் பார்த்து ஒரு கிடார் செய்தாள், ஏதோ கிறுக்கு என்று வீட்டில் சிரித்தார்கள், பிறகு லேபில் இருந்தவர், கோயிலில் பாடுகிறவர், யார் யாரோ வந்து கேட்டு இப்போது இது ஏழாவதோ எட்டாவதோ. லோகன் மட்டும் கேட்கவில்லை. ரவாங்கில் இருந்துகொண்டு கல்யாணம் கச்சேரி என்று கிடாரோடு அலைகிறவன் அவன், கேட்க வேண்டியவனே அவன்தான். அம்மா அப்பா இருந்த கிள்ளான் வீட்டை விற்றதிலிருந்து அவன் இவளோடு பேசாமலே இருந்தான். பிறகு அத்தை மகள் கல்யாணத்தில், சாப்பாட்டுப் பந்தியில், எதிரே உட்கார்ந்து அப்பளத்தை உடைத்துக்கொண்டே, "ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்குற, எனக்கு மட்டும் இல்லையா க்கா" என்றானே... அந்த 'க்கா'வைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

அதற்காகத்தான் நல்ல மரமாகப் பார்க்க வேண்டும் என்று கிள்ளான் மரக்கடைக்கே போனாள். அங்கே கடை முதலாளி தவுக்கேவுக்கு இவளைத் தெரியும், பலகையைக் காதருகே தூக்கிப் பிடித்துத் தட்டிப் பார்க்கிற ஒரே வாடிக்கைக்காரி, 'மியூசிக் அக்கா' என்று கூப்பிடுவார். செங்கால் மரம் வேண்டாம், கனம், அதைத் தோளில் மாட்டினால் லோகனுக்கு இடுப்பு போய்விடும், இப்போதே தொப்பை. ஞாத்தோ பார்த்தாள், அழகான சிவப்பு, தட்டினால் ஊமை. மெராந்தி இருந்தது, குறுகல், மூன்று துண்டு ஒட்டினால்தான் உடம்பு வரும். ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்து ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தாள்... ஏன் திறந்தாள்? அலவாங்குக் கம்பி எடுக்கவா, குடை எடுக்கவா, இப்போது யோசித்தால் எதற்கென்றே தெரியவில்லை. சுவரோரம் சாய்ந்திருந்தது, கிள்ளான் வீட்டு சாமி மேடைப் பலகை, அப்பா போட்டது, இரண்டங்குல மெராந்தி, ஒரே துண்டு, மேலே முப்பது வருஷக் கற்பூரக் கரி. வீட்டைக் காலி செய்தபோது சாமி படங்களை இரண்டு பேரும் பிரித்துக்கொண்டார்கள், முருகன் அவனுக்கு, அம்மன் இவளுக்கு, பலகையை யாரும் யோசிக்கவே இல்லை. சாமிக்கு இருந்ததைக் குப்பையில் போடக்கூடாது, தண்ணீரில்தான் விட வேண்டும், அதனால் ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்துக் காரில் ஏற்றி போர்ட் கிள்ளான் கடல் வரைக்கும் கொண்டுபோனாள். இறக்கும்போது பலகை கார்க் கதவில் இடித்து 'ணங்' என்றது. அந்தச் சத்தம் அடங்கும்வரை நின்று கேட்டுவிட்டு அப்படியே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டைக் காலி செய்த கடைசி நாள் லோகன் மோட்டார் சைக்கிளில் வந்து காலி ஹாலில் நின்று, "சாமி மேடை எங்க?" என்றான், "கழட்டியாச்சு டா" என்றாள், அவ்வளவுதான் பேச்சு. பூட்டிக் கிடந்த வீடு, கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, விற்காமல் என்ன செய்வது, ஆனால் அவன் சுவரில் இருந்த இரண்டு ஆணித் துளைகளையே பார்த்துக்கொண்டு நின்றது... பலகையும் லோரியில் தட்டுமுட்டோடு போய்விட்டது என்று நினைத்திருப்பான், நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாளா, இல்லை, சொல்ல வாய் வரவில்லையா. இப்போது அதையே ஜிக்ஸா ரம்பத்தில் அறுத்து, இழைத்து, குடைந்து, இடுப்பு வளைவு வைத்து ஒரு கிடாராக்கி வைத்திருக்கிறாள். சாமி இருந்த பலகையை வயிற்றில் முட்டுக்கொடுத்து வாசிப்பதா என்று கேட்டால்? விளக்கு வைத்த இடத்தை அறுத்தாயா என்று கேட்டால்? இன்னொரு தடவை கோபித்துக்கொண்டு போனான் என்றால் இனி வரவே மாட்டான், அவளுக்கு அவனைத் தெரியும்.

உள்ளேயிருந்து அவள் வீட்டுக்காரர் பாலன் காப்பிக் கோப்பையோடு வந்து வாசற்படியில் நின்றார். "இன்னும் அந்த வட்டமா? கறுப்பு அடிச்சிரு லா, உன் தம்பிக்கு எங்க தெரியப் போகுது." "கறுப்பு அடிச்சா மரம் தெரியாதுங்க." "தெரியாட்டி நல்லதுதான? நீயே தூங்காம பொரள்ற." சொல்லிவிட்டு, மத்தியானத்துக்கு நண்டு வாங்கவா இறால் வாங்கவா என்று கேட்டார், நண்டு என்றாள், லோகனுக்கு நண்டு. கறுப்பு டின் இருக்கத்தான் இருக்கிறது. எண்ணெயைத் தடுக்கிற அடிப்பூச்சு ஒன்று, மேலே கறுப்பு, ஒரு மணி நேரம், அப்புறம் இது எந்தக் கடையில் வாங்கின எந்த மரமாகவும் இருக்கலாம். பாலன் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் அட்டை அச்சைப் பலகைமேல் வைத்துப் பென்சிலால் வரைந்தாளே அன்றைக்கு, இரண்டங்குலம் கீழே தள்ளியிருந்தால் விளக்கு வைத்த இந்த வட்டம் கழிவுத் துண்டோடு போயிருக்கும். தள்ளத்தான் நினைத்தாள், ஓரத்தில் ஆணித் துளை வருகிறது என்று மேலேயே விட்டாள். ஆணித் துளையை அடைப்பது ஒரு வேலையா அவளுக்கு?

சரி, கடைசியாக ஒரு தடவை. தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்தாள், உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள், வட்டத்தைச் சுற்றி, பிறகு வட்டத்துக்குள், வார்னிஷ் மாவாக உதிர்ந்து பலகை சூடேறியதும் குப்பென்று கிளம்பியது வாசனை, நல்லெண்ணெய், கற்பூரம், அடியில் கொஞ்சம் திருநீறு. போர்ச் முழுக்க அதுதான். இதுவரை அரக்கு பூசிப் பார்த்துவிட்டாள், மூன்று கை வார்னிஷ் போட்டுப் பார்த்துவிட்டாள், எத்தனை போட்டு மூடினாலும் அடியிலிருந்து மேலே வருகிறதே, எத்தனை எண்ணெயைத்தான் குடித்திருக்கிறது இது... எல்லாம் லோகன் வேலை. சாயங்காலம் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது அவன் பொறுப்பு, நிறுத்தத் தெரியாது, திரி முழுகி அணையப் போகிற வரைக்கும் ஊற்றுவான், "பாதி வெளக்குக்கு, பாதி பலகைக்காடா" என்று அம்மா தினமும் திட்டுவாள், தினமும் ஊற்றுவான். அம்மா திட்டிய சத்தம் நினைவில் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கொஞ்சம் கலங்கியது. துணி எடுக்க நகர்ந்தவள் உள்ளங்காலில் ஒரு திருகாணி குத்தி 'ஸ்ஸ்' என்று ஒற்றைக் காலில் நின்றாள். வருகிறவர்களுக்கெல்லாம் 'செருப்போடு உள்ளே வரவும்' என்று கேட்டில் அட்டை எழுதி மாட்டியவளே அவள்தான், ஆணியும் சீவலுமாகக் கிடக்கிற இடம், இவள் செருப்பு எங்கே போய்த் தொலைந்தது? இந்தக் கிடாரை ஆரம்பித்ததிலிருந்தே காலில் ஏதாவது குத்திக்கொண்டேதான் இருக்கிறது.

வெயில் முக்காலி வரைக்கும் ஏறிவிட்டது. அடிப்பூச்சு டின்னின் மூடியை நெம்பித் திறந்தாள், பிரஷை எடுத்தாள், வட்டத்தைப் பார்த்தாள். எண்ணெய் குடித்த மரத்துக்கு வார்னிஷ் எதற்கு, முழுப் பலகைக்கும் எண்ணெயையே தேய்த்துவிட்டால் வட்டம் வேறு பலகை வேறு என்று நிற்காதே, அப்படிச் செய்கிறவர்களும் உண்டே, ஆனால் அப்படிச் செய்தால் வாசனை போகாது, என்றைக்கும் போகாது, அவன் தூக்கி மாட்டும்போதெல்லாம்... தோய்க்கலாமா வேண்டாமா என்று கை அந்தரத்தில் நின்றபோது கேட்டுக்கு வெளியே மோட்டார் வந்து நின்றது. மத்தியானம் என்றவன் இப்போதே வந்துவிட்டான். "வரலாமா க்கா?" ஹெல்மெட்டைக் கழற்றி மோட்டார்க் கண்ணாடியில் மாட்டினான், கேட்டைத் தள்ளினான், ஓர் எட்டு வைத்தவன் நின்றான். மூக்கு லேசாக விரிந்ததோ, இல்லை, அவளுக்குத்தான் அப்படித் தோன்றியதோ. அட்டையைப் பார்க்கவில்லை, பலகையையும் இன்னும் பார்க்கவில்லை, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒரு ஷூவைக் கழற்றினான், பிறகு மற்றதை. "டேய், ஆணி கெடக்கு, போட்டுட்டே வா" என்று சொல்ல வாயைத் திறந்தவள் தரையைப் பார்த்தாள். அவன் ஷூவை ஒதுக்கி வைத்த இடத்தில், கேட்டோரமாக, அவளுடைய நீலச் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. அதை அங்கே கழற்றி விட்டுத்தான் தினமும் இந்தப் பலகையிடம் வந்துகொண்டிருந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.