ஆறாவது படி

மனித குலம் சாதித்ததெல்லாம் உற்சாகத்தால் சாதித்தது. அந்த உற்சாகத்தைத் தரம் பிரித்துப் பெயர் வைத்த பெருமை ஆங்கில மொழிக்கே உரியது. தண்ணீர் வாரியத்தின் கிளை அலுவலகத் தலைவர் இதை வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வார். அந்த அலுவலகத்தில் உற்சாகமாகத் தொடங்கிய ஒரே காரியம் வாசல் கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தது. அது இடது கதவோடு நின்றுவிட்டது.

தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஏணிப் படம் தொங்கியது. அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து மாட்டியது. ஆறு படி. அடியில் இன்ட்ரஸ்டட், அதற்கு மேல் கீன், பிறகு என்தூசியாஸ்டிக், ஆர்டென்ட், ஸெலட். உச்சியில், சிவப்பு மையில், ஃபனாடிக். ஊழியர்களைப் பற்றி வருடத்துக்கு ஒரு முறை தலைமையகத்துக்கு ரகசிய அறிக்கை போகும். அப்போது ஒவ்வொருவரையும் அவர் ஏதாவது ஒரு படியில் ஏற்றி நிறுத்துவார்.

மேசையில் தலையணை கனத்தில் ஓர் ஆங்கில அகராதி. அவர் அதைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. பேசும்போது தட்டிக்கொள்வார்.

"ஃபேன்னா ரசிகன். அது சுருக்கம்தான். முழுப் பேரு ஃபனாடிக். சுருக்கிச் சொன்னதுக்கே அவ்வளவு மரியாதைன்னா, முழுசா சொன்னா எவ்வளவு மரியாதை?"

போன வருடம் அந்த முழு மரியாதை பம்ப் ஆபரேட்டருக்குக் கிடைத்தது. ஒரே மாதத்தில் தலைமையகத்திலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அவர் எந்த இயக்கத்தைச் சேர்ந்தவர், வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். "மோட்டாருக்கு ரெண்டு வேளை கிரீஸ் வெப்பேங்க, வேற ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் அவர். அதையும் எழுதிக்கொண்டு போனார்கள். அவர் கேட்டிருந்த இடமாற்றம் அதோடு போன இடம் தெரியவில்லை.

தலைவருக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, ஆளை நேர்ல பாக்கணும்னு ஜீப் அனுப்பியிருக்காங்க!"

இந்த வருடம் ஆவண அறைப் பொறுப்பாளர் இடமாற்றம் கேட்டிருந்தாள். அவளுடைய கணவனும் நாலு வயது மகளும் மாமியாரும் பஸ்ஸில் ஆறு மணி நேரத் தொலைவில் இருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி, ஞாயிறு முழுக்க மகளோடு இருந்துவிட்டுத் திரும்புவாள். குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லத் தெரியாது. அம்மாக் கிழமை என்றுதான் சொல்லும். மூன்று வருடம் காத்திருந்த பிறகு இப்போதுதான் அந்த ஊரில் ஓர் இடம் காலியாகியிருந்தது. அறிக்கை நன்றாகப் போனால் அது அவளுக்குத்தான்.

சாப்பாட்டு நேரத்தில் டைப்பிஸ்ட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்களுக்கு உச்சிப் படியாம். திங்கக்கிழமை டைப் பண்ணச் சொல்லியிருக்காரு."

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. "அடிப்பாவி, நீ எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"போன வருஷம் சொன்னேனே! 'சார், அதுக்கு வெறி பிடிச்சவன்னு அர்த்தம் சார்'னேன். என்னை இன்ட்ரஸ்டட்ல எறக்கி விட்டாரு. அதையும் நானேதான் டைப் பண்ணேன்."

"மாத்தி அடிச்சிடேன்டி."

"வரிக்கு வரி ஸ்கேல் வெச்சுப் படிக்கிறவர்கிட்டயா? நீங்களே எறங்கிடுங்கக்கா. நாளைக்கு லேட்டா வாங்க. ஒருதடவை லேட்டா வந்தாப் போதும், அவரே பிடிச்சுக் கீழ தள்ளிடுவாரு."

மறுநாள் பத்தரைக்குத்தான் உள்ளே போவது என்று முடிவு செய்துகொண்டு, எட்டரைக்கே எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றாள். வேறு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டே முக்காலுக்கு வானம் இருட்டியது. ஆவண அறையின் கிழக்கு ஜன்னலுக்குக் கொக்கி நிற்காது. அதன் அடியில்தான் பழைய குடிநீர் இணைப்புக் கோப்புகள். முதல் துளி கையில் விழுந்ததும் ஓடினாள்.

பத்து மணிக்குத் தலைவர் வந்தபோது, அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சொந்தக் கைக்குட்டை!" என்று தழுதழுத்தார் தலைவர். குறிப்பேட்டில் எழுதியும் கொண்டார்.

இனி ஒரு வழிதான் இருந்தது. பம்ப் ஆபரேட்டரை விசாரித்தபோது என்னென்ன கேட்டார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டால் பதிலாவது தயாராக இருக்கும். அவருடைய கோப்பை உருவியபோது பக்கத்திலிருந்த தலைவரின் கோப்பும் சேர்ந்து வந்தது. படிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் பக்க எண் சரியாக ஓடுகிறதா என்று பார்க்காமல் எந்தக் கோப்பையும் அவளால் திரும்ப வைக்க முடியாது. எண் போடாத தாளைக் கண்டால் அவளுக்குச் சோறு இறங்காது. நாற்பதுக்கு அடுத்த தாளில் எண் இல்லை.

தலைவரைப் பற்றிய, பதினாலு வருடத்துக்கு முந்தைய அறிக்கை அது. அந்தக் கதை அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். அப்போதைய மேலதிகாரி, பத்துப் பேர் முன்னால், முகம் சிவக்க, 'யூ ஆர் எ ஃபனாடிக்' என்று சொன்னார். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. தாளிலும் அதே வார்த்தை இருந்தது. அடுத்த வரியைத்தான் தலைவர் பார்த்ததில்லை: 'இவரிடம் எந்தப் பெரிய அலுவலகத்தையும் ஒப்படைக்க வேண்டாம்.'

அவள் பென்சிலால் 41 என்று போட்டுக் கோப்பை மூடினாள்.

அவள் தலைவரின் அறைக்குப் போனபோது அவர் ஏணிப் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காத்திருந்த நேரத்தில் அவள் பார்வை அகராதியின் முதுகில் விழுந்தது. முதல் தொகுதி, A முதல் E வரை.

"சார், அந்த ஆறாவது படி எனக்கு வேண்டாம் சார்."

"ஏம்மா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

வெளியே டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

நாற்பத்தோராம் பக்கம் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. படத்தைப் பார்த்தாள். மற்ற ஐந்து வார்த்தைகளும் வெளிறிப் போயிருந்தன. சிவப்பு எழுத்தின் மேல் மட்டும் வருடா வருடம் புதிதாக மை ஓட்டியிருந்தார்.

"அது உங்க படி சார். பத்துப் பேர் முன்னால உங்களுக்குன்னு குடுத்தது. அதுல நானும் வந்து நின்னா நல்லாவா இருக்கும்?"

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வேற யாருக்கும் தோணலை பாரு. பம்ப் ஆபரேட்டர் வாயே தெறக்காம ஏறிக்கிட்டான். சரி, எங்கே எறங்குற?"

"கீன் போதும் சார்."

"நாலு படியா!"

"போதும் சார்."

எழுதிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஏன் பதவி உயர்வு வரலைன்னு பின்னாடி பேசிக்கிறாங்க, தெரியும். உனக்குத் தெரியுமா ஏன்னு?"

"தெரியாது சார்."

"உச்சிக்கு மேல ஏது படி? அவங்கதான் என்ன பண்ணுவாங்க, பாவம்."

அவள் தலையாட்டினாள். அப்படித் தலையாட்டுவது சிரமமாகவே இல்லை என்பதுதான் திரும்பி நடக்கும்போது உறுத்தியது. ஒரு மனிதனின் பதினாலு வருடத்தை ஒரு பென்சில் எண்ணோடு மூடி வைத்துவிட்டு வந்திருந்தாள். அதைத் திறந்து காட்டினால் மட்டும் அந்த வருடங்கள் திரும்பி வருமா என்றும் நினைத்துக்கொண்டாள்.

உத்தரவு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. உடனே விடுவிக்கவும் என்று அடிக்கோடு போட்டிருந்தது.

"அஞ்சு மணிக்கு பஸ் இருக்குக்கா. பையைத் தூக்கிட்டு ஓடுங்க, மனுஷன் மனசு மாறுறதுக்குள்ள" என்றாள் டைப்பிஸ்ட்.

வீட்டுக்குப் போன் செய்தாள். மகள்தான் எடுத்தாள். "அப்ப நாளைக்கே அம்மாக் கிழமையா?" என்று கேட்டாள்.

"ஆமாண்டி தங்கம். இனிமே எல்லாக் கிழமையும்."

அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்கப் போனவள் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது அலமாரியின் கீழ்த்தட்டில் எழுபத்திரண்டு கோப்புகளுக்குப் பக்க எண் போடாமல் இருந்தது. அவள் அடுத்த புதன்கிழமை கிளம்பினாள்.