கக்கத்துப் பால்

ஈரக் கப்புகள் வரிசையாக நின்ற பலகையை மேல்தட்டில் ஏற்றும்போது தனக்கோடியின் வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது. வலி என்று சொல்ல முடியாது. கக்கத்தில் கூழாங்கல் ஒன்றை வைத்துக் கையை மூடியதுபோல உறுத்தியது. பக்கத்தில் நின்ற ஆதிலட்சுமி பலகையின் மறுமுனையைத் தாங்கிக்கொண்டதால் கப்புகள் தப்பின. விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியில் கப்புகளுக்குக் கைப்பிடி ஒட்டுகிற வேலை இருவருக்கும். ஆதிலட்சுமி சின்னப் பெண், அந்த வருஷம்தான் கல்யாணமாகியிருந்தது. என்னவென்று அவள் கேட்டதற்கு, சுளுக்கு என்று சொல்லிவிட்டுத் தனக்கோடி மறுபடி களிமண்ணில் கையை வைத்தாள்.

சுளுக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தை அவளுக்கு வெகு நாளாகத் தெரியும். மூத்த பெண் பிறந்து மார்பில் பால் கட்டியபோது வலது கக்கத்திலும் ஒரு கட்டி எழும்பியது. எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, தோலில் இருந்த மச்சம்போன்ற ஒரு புள்ளி வழியாக வெள்ளையாகக் கசிந்தது. பிரசவத்துக்குக் கம்மாபுரத்துத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். "யாருகிட்டயும் சொல்லிப்புடாத. ஒம் புருஷன்கிட்டகூட. மூணு மாருக்காரின்னு பேரு வெச்சிடுவாங்க" என்றாள். பால் வற்றியதும் கட்டியும் அமுங்கிப்போனது. அடுத்த பிரசவத்தில் மறுபடி வந்தது, மறுபடி போனது. தனக்கோடி முழங்கைவரை நீண்ட ரவிக்கையாகத் தைத்துப் போட்டுக்கொண்டாள். குளத்தில் குளிக்கும்போதும் வலது கையை உயர்த்த மாட்டாள். இதெல்லாம் பழகிப் பழகி, மறைக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

இப்போது வீட்டில் பால் குடிக்கிற பிள்ளை இல்லை. சின்னவனே பள்ளிக்கூடம் போகிறான். ஆனாலும் கட்டி இருந்தது, கல்லாக இருந்தது. கடைத்தெரு டாக்டர் முதலில் சாதாரணக் கக்கத்துக் கட்டி என்று களிம்பும் ஊசியும் கொடுத்தார். சில வாரம் பார்த்துவிட்டு, இது பழுக்கிற கட்டி இல்லை, பாண்டிச்சேரி பெரிய ஆசுபத்திரியில் காட்டிவிடுவது நல்லது என்று அனுப்பிவைத்தார். அவள் புருஷன் அர்ச்சுனன் ரயிலடியில் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன். அதிகம் பேச மாட்டான். வேலைக்கு வரவில்லை என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அவளோடு பஸ் ஏறினான். பாண்டிச்சேரியில் கட்டியிலிருந்து கொஞ்சம் வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று பெரிய டாக்டர் இருவரையும் உட்காரவைத்தார். தலை நரைத்த, அவசரப்படாத மனிதர். புற்றுநோய்தான் என்றார். மார்பில் வருகிற வகை. ஆனால் இரண்டு மார்பிலும் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. மார்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து, அங்கிருந்து கக்கத்து நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கலாம். அப்படியானால் வலது மார்பை முழுசாக எடுத்தாக வேண்டும். அர்ச்சுனன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் பேனாவை எடுத்தவர், எழுதாமல் நிமிர்ந்தார்.

"இந்த இடத்தில இதுக்கு முன்னாடி ஏதாவது இருந்திருக்காம்மா? சின்ன வயசில, பிரசவத்தப்போ?"

அவள் அர்ச்சுனனைப் பார்த்தாள். வெளியே போகச் சொன்னால் போய்விடுவான். ஏன் என்றுகூடக் கேட்க மாட்டான். சொல்ல வாயெடுத்தவளுக்கு அம்மா கதவைச் சாத்திய சத்தம் ஞாபகம் வந்தது. அம்மா இறந்து எத்தனையோ காலமாகிவிட்டது. கதவு மட்டும் இன்னும் சாத்தியபடியே இருந்தது.

"பால் வந்துதுங்க" என்றாள். "ஒவ்வொரு புள்ளைக்கும் அங்கயும் பால் வந்துது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். எந்தப் பக்கம், எங்கிருந்து கசிந்தது, எப்போது அமுங்கியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் சொல்லச் சொல்லச் சொல்வது எளிதாகிக்கொண்டே போனது. சிலருக்குப் பிறவியிலேயே மார்புச் சதை கக்கத்திலும் கொஞ்சம் தங்கிவிடும், அதில் அதிசயம் எதுவும் இல்லை, எவ்வளவோ பெண்களுக்கு உண்டு என்றார் அவர். மார்பில் வருகிற எதுவும் அந்தச் சதையிலும் வரலாம். வெட்டியெடுத்ததை மறுபடி நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அடுத்த முறை போனபோது, நோய்க்குப் பக்கத்திலேயே நல்ல பால் நாளங்களும் இருக்கின்றன, நெறிக்கட்டியின் சதை அதில் இல்லை, நோய் அங்கேயே பிறந்ததுதான் என்று சொன்னார். மார்பை எடுக்க வேண்டியதில்லை. கட்டியையும் சுற்றியுள்ள தோலையும் கக்கத்து நெறிகளையும் எடுத்துவிட்டு, பிறகு சென்னையில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். முழுக்கத் தீர்ந்துவிடுமா என்று அர்ச்சுனன் கேட்டான். அதை இப்போதே சொல்ல முடியாது, விடாமல் வந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் இருவரும் வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். கடல்காற்று வந்தது. அர்ச்சுனன் வாங்கிவந்த டீயை இரண்டு தம்ளரில் ஆற்றிக்கொண்டிருந்தான்.

"சின்னவன் பொறந்தப்ப ஒன் ரவிக்கையில அந்தப் பக்கம் நனைஞ்சி கெடந்துது" என்றான். "கேட்டேன். வேர்வைன்ன."

"ஆமாங்க."

"வேர்வை அப்பிடி மணக்காது. எனக்குத் தெரியும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் தம்ளரை அவள் இடது கையில் கொடுத்தான். இத்தனை வருஷம் தான் யாரிடமிருந்து எதை மறைத்தோம் என்று அவளுக்கு விளங்கவில்லை. சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது, கண்ணும் கரித்தது.

கரண்டு வைத்த இடம் கறுத்துப்போய், பிறகு மெல்ல ஆறியது. வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. மத்தியானத்துக்கு மேல் கனத்து வீங்கும். கம்பெனியில் அவளைப் பலகை தூக்கவிடாமல், காய்ந்த கப்புகளின் விளிம்பைத் துடைக்கிற வேலையில் உட்காரவைத்தார்கள். எந்த இடத்தில் ஆபரேஷன், ஏன் என்று பெண்கள் கேட்டபோது அவள் உள்ளதைச் சொன்னாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி தண்ணீர்ப் பானைப் பக்கம் போகும்போது அவள் மேல் படாமல் ஒதுங்கிப் போனாள். ஆதிலட்சுமி கைப்பிடி ஒட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு வயிறு தெரியத் தொடங்கியிருந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆதிலட்சுமி கைக்குழந்தையோடு வந்தாள். பிள்ளையைக் காட்ட வந்ததாகச் சொன்னாள். தனக்கோடி பாயை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள், யார் சாயல் என்று பேசினாள். ஆதிலட்சுமி உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். வாசலில் பனி இன்னும் விலகவில்லை. ஆனால் அவள் ரவிக்கையில் இடது கக்கத்தில் ஒரு ஈரவட்டம் இருந்தது.

"ஒனக்கு மொதல்ல எப்பிடி இருந்துதுக்கா?" என்றாள் மெதுவாக.

தனக்கோடி அவளையே பார்த்தாள்.

"ஒம் புருஷன்கிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"சொல்லிடு. கையத் தூக்கு."

ஆதிலட்சுமி ரவிக்கையை நெகிழ்த்திவிட்டு இடது கையைத் தூக்கி நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். தனக்கோடி சில்லிட்ட தன் விரல்களை வாயருகே வைத்து ஊதிச் சூடாக்கினாள். பிறகு அந்த இடத்தில் வைத்தாள். தோல் கொதித்தது. உள்ளே மெத்தென்று, பிசைந்த மாவுபோல இருந்தது. இன்னும் ஆழமாக, இன்னும் மெதுவாக விரல்களை நகர்த்தினாள்.

"கல்லு மாதிரி எதுனா இருக்குதாக்கா?"

"பேசாம இரு."

பாயில் பிள்ளை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு, தனக்கோடியின் விரல்நுனியில் ஒரு துளிப் பால் வெள்ளையாகத் திரண்டு நின்றது.