ஆயுத பூஜையன்று படுத்துக்கொண்ட ரவுட்டர்

குருசுக்குப்பத்தில் நாங்கள் நடத்துவது ஒரு இன்டர்நெட் கம்பெனி. கம்பெனி என்பதே பெரிய வார்த்தை. ஒரு அறை, நாலு ஒயர் கட்டு, என் வீட்டுக்காரர் நெடுமாறன், நான், போன் எடுக்க என் ஓரகத்தி மாலா. அவ்வளவுதான்.

வீடு வீடாகப் போகும் ஒயரெல்லாம் எங்கள் அறையிலுள்ள ஒரே ரவுட்டரில் வந்து முடியும். சென்னைக் கம்பெனி ஒன்று தன் பெயரைக் கொட்டை எழுத்தில் பொறித்து விற்ற பெட்டி அது. நெடுமாறன் அதன்மேல் வைத்திருந்த மரியாதையில் பாதியை என்மேல் வைத்திருந்தால் போதும். தூசி தட்டக்கூட விடமாட்டார். "அவங்களே சொந்தமா எழுதின சிஸ்டம் பூர்ணி. வெளியாளு கை வெச்சா அவ்ளோதான்" என்பார். நான் காலாப்பட்டுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள் என்பது அப்போது மட்டும் அவருக்கு மறந்துபோகும்.

ஆயுத பூஜையன்று எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் அணைத்து, துடைத்து, ஏணியிலிருந்து ரவுட்டர்வரை சந்தனமும் குங்குமமும் வைத்தோம். மாலாவுக்குக் கல்யாணமாகி வந்தபின் முதல் பூஜை, எல்லாம் அவள் கையால்தான். பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, சுவிட்சைப் போட்டோம். ரவுட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது. குப்பம் மொத்தத்துக்கும் நெட் போய்விட்டது.

அணைத்துப் போட்டாலும் அதே சிவப்பு. சென்னைக்குப் போன் செய்தேன். செல்வகுமார் என்ற இன்ஜினியர், "சிவப்பு சிமிட்டினா போர்டு போயிடுச்சுன்னு அர்த்தம் மேடம். அனுப்பி வைங்க, ஒரு வாரம் பத்து நாள் ஆகும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தெருமுனையில் பெரிய இன்டர்நெட் கம்பெனி ஆள் ஒருவன் குடை நட்டு, இலவச இணைப்பு என்று போர்டு மாட்டி, அதுவரை ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். மத்தியானம் அவனைச் சுற்றிக் கூட்டம். பிரான்சிலிருக்கும் மகனோடு தினமும் பேசுகிற பாக்கியலட்சுமி அக்காகூட எங்களைப் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் நடந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள வரலன்னா பாதிப்பேரு போயிடுவாங்க. அப்புறம் கடைய சாத்த வேண்டியதுதான்" என்றார் நெடுமாறன். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை ஓடும். அவரைக் கேட்காமலே லேப்டாப்பை எடுத்து ரவுட்டரோடு இணைத்தேன். வழக்கமாகக் கம்பெனியின் பளபளப்பான பக்கம் வரும். இப்போது கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள். மேலே ஒரு பெயர் இருந்தது, கம்பெனியின் பெயர் அல்ல.

எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர். கல்லூரியில் பழைய ரவுட்டர்களில் நாங்கள் ஏற்றி விளையாடிய லினக்ஸ் சிஸ்டம் அது. உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது.

"அப்போ சொந்த சிஸ்டம்னானே?" என்றார் நெடுமாறன்.

"மேல போட்ட சட்டைதாங்க அவனுது."

பெயருக்குக் கீழே, ரவுட்டர் கிளம்பும்போது ரீசெட் பட்டன் அழுந்தியிருந்ததால் பாதுகாப்பு நிலையில் நிற்பதாக ஒரு வரி. அந்தச் சிஸ்டத்தின் விளக்கப் பக்கத்தைச் செல்போனில் தேடினேன். பயப்பட வேண்டாம், உங்கள் செட்டிங் எதுவும் அழியவில்லை, பட்டனை விட்டுவிட்டு மறுபடி போடுங்கள் என்று யாரோ பொறுமையாக எழுதியிருந்தார்கள்.

"ரீசெட் பட்டன யாரு அழுத்தனது?"

"நான் எந்தப் பட்டனையும் தொடலக்கா" என்றாள் மாலா. அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஊதுபத்திதான் வெச்சேன்."

"எங்க?"

"பின்னால சின்னதா ஓட்டை இருந்துதே. ஊதுபத்தி சொருகத்தான் வுட்டிருக்காங்கன்னு நெனச்சேன். எடுக்கும்போது குச்சி முனை உள்ளயே ஒடிஞ்சிடுச்சு."

அந்த ஓட்டைக்குள்தான் ரீசெட் பட்டன். நெடுமாறன் வாயைத் திறப்பதற்குள் நான் சிரித்துவிட்டேன். மாலா புடவை ஊக்கைக் கழற்றி, குச்சியை நோண்டி எடுத்தாள். சுவிட்சைப் போட்டோம். சிவப்பு சிமிட்டியது, நின்றது, பச்சையானது. குடைக்கடியில் நின்றவர்கள், நெட் வந்துவிட்டது என்று வீட்டிலிருந்து போன் வர, ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

"இனாமா கெடைக்கறதுல பேர ஒட்டி நம்ம தலைல கட்டிட்டான்" என்று நெடுமாறன் பொருமினார். பெயரை மறைத்ததில் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் எரிச்சலைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. என்னைத் தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து, என்றைக்கோ நான் தவிப்பேன் என்று எழுதிவைத்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன் அடித்தது. செல்வகுமார்தான்.

"பெட்டிய அனுப்பிட்டீங்களா மேடம்?"

"சரியாயிடுச்சு சார்."

செல்வகுமார் குரலைத் தாழ்த்தி, "எப்படி மேடம்? உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கே சொல்றதில்ல. சிவப்பு சிமிட்டினா போர்ட மாத்துன்னுதான் சொல்லியிருக்காங்க" என்றார்.

நெடுமாறன் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "சொல்லாத. கெடந்து அல்லாடட்டும்."

நான் போனைப் பொத்திக்கொண்டு, "நமக்குச் சொன்னவங்க, நீ யாருன்னு கேட்டுட்டா சொன்னாங்க?" என்றேன்.

அவர் பச்சை விளக்கைப் பார்த்தார். பிறகு போனை என் கையிலிருந்து வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, "சார், எழுதிக்குங்க. எங்க வீட்ல சொல்றாங்க" என்றார்.