முகராத பூ

கண்டிச் சீமையில், பன்விலைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில், பழம் எடுக்கும் காலத்தில், அங்கம்மா மாரியம்மனுக்கு ஒரு மாலை நேர்ந்துகொண்டாள். அவள் புருஷன் பழனியாண்டி வயிற்றுக்கடுப்பில் சுருண்டு விழுந்து, கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியிலேயே கண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். அவன் திரும்பி வரவேண்டும். அதற்காகத்தான் மாலை: தன் கையால் கட்டிய செவ்வந்தி மாலை, யாரும் முகராத பூவில்.

செவ்வந்திக்கு எங்கே போவது? ஊரில் தோட்டம் தோட்டமாக மஞ்சளாய்க் கொட்டிக் கிடக்கும். இங்கே மலையெல்லாம் கோப்பி. பூ என்று இருந்தால் துரை பங்களாவில்தான். துரைசாணி கப்பலில் விதை வரவழைத்து ஒரு பாத்தி போட்டிருந்தாள். நடுவில் மஞ்சள் குமிழ், சுற்றிலும் வெள்ளை இதழ், பொடிப் பொடிப் பூ. துரைக்கு வயிறு சரியில்லாதபோது அதைக் காயவைத்து வெந்நீரில் போட்டுக் கொடுப்பாள். அவள் அதற்கு ஏதோ பெயர் சொல்வாள். கூலி ஆட்கள் குடியிருந்த லயத்தில் சீமைச் சாமந்தி என்றார்கள். பார்ப்பதற்குச் செவ்வந்தியின் தங்கச்சி மாதிரி இருந்தது. ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று அங்கம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு, சரிதானா என்று மறுபடியும் யோசித்தாள்.

அந்தப் பாத்தியைப் பார்த்துக்கொண்டவள் ராக்கம்மா. இரண்டு பேரும் ஒரே ஊர். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே ஒன்றாக நடந்து வந்தவர்கள். இங்கேயும் லயத்தில் ஒரே காம்பரா, அந்த ஒற்றை அறையில் ஒரே அடுப்பு. பழனியாண்டியை வண்டியில் ஏற்றியபோது அங்கம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவள்தான்.

அங்கம்மா அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, யாரும் மோந்து பாக்காத பூவா இருக்கணும்."

"எனக்குத் தெரியாதா புள்ள? செடியில இருந்து நேரா மடிக்கு வரும். உன் மூச்சுப் படாமக் கட்டு, அது போதும்."

அங்கம்மா வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, வாழைநாரில் நெருக்கமாகக் கட்டினாள். மாரியம்மனாக நட்டு வைத்திருந்த கல்லுக்கு மாலை போட்டபோது ராக்கம்மாதான் பக்கத்தில் நின்று சூடத் தட்டைப் பிடித்தாள். திருநீறும் அவளே பூசிவிட்டாள். அன்று ராத்திரிதான் அங்கம்மா ஒரு வாய் சோறு தின்றாள்.

அடுத்த வாரம் ராக்கம்மாவுக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. பங்களாவிலிருந்து வேறு ஆள் அனுப்பச் சொல்லிச் சேதி வந்தது. கங்காணி அங்கம்மாவைப் போகச் சொன்னார். ராக்கம்மா துள்ளி எழுந்து, தனக்கு ஒன்றுமில்லை, தானே போவதாகச் சொன்னாள். சொல்லும்போதே தும்மினாள். வேலைக்கு இப்படி அலைகிற ஆளைத் தன் வயசில் பார்த்ததில்லை என்று கங்காணி சிரித்தார். மூக்கடைப்புக்கும் பூப் பறிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கம்மாவுக்குப் புரியவில்லை.

பாத்தியருகே துரைசாணி ஒரு பூவைக் கிள்ளித் தன் மூக்கருகே கொண்டுபோய்க் காட்டினாள். பிறகு ஒரு கூடையில் போட்டாள். இன்னொன்றைக் கிள்ளி முகர்ந்தாள், முகத்தைச் சுளித்தாள், அதை மற்றக் கூடையில் எறிந்தாள். அங்கம்மா விழித்துக்கொண்டு நின்றாள். சமையற்கார லெட்சுமணன் குசினி வாசலில் இருந்து விளக்கம் சொன்னான். சீமை விதையோடு ஒரு களை விதையும் கலந்து வந்துவிட்டதாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்குமாம். நல்லது வாசம், மற்றது நாற்றம். மூக்கு ஒன்றுதான் வழி.

"ராக்கம்மா அக்காவும் இப்படித்தான் பறிக்குமா?"

"பின்ன? ஒண்ணு விடாம மோந்துதான் போடும். துரைசாணி வெராந்தாவில ஒக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும்ல. அது மூக்குக்குத்தான் சம்பளம்னு நாங்க கேலி பண்ணுவோம்."

அங்கம்மா ஒரு பூவை எடுத்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள். அவளால் பிரிக்க முடியவில்லை. முகர்ந்தாள். ஒன்றில் பழுத்த பழத்தின் வாசம், மற்றதில் குமட்டும் வீச்சம். போன வாரம் அந்த மாலையைக் கட்டி முடித்து மூக்குத் துணியை அவிழ்த்தபோது காம்பரா முழுக்கப் பழ வாசம்தான். ஒரு பூகூட நாறவில்லை. அவ்வளவும் தேர்ந்தெடுத்த பூ. அப்படியென்றால் அவ்வளவும் முகர்ந்த பூ. ஆத்தா கழுத்தில் எச்சிலைப் போட்டுவிட்டுத்தான் புருஷனுக்காக அழுதிருக்கிறாள்.

அன்று முழுக்கப் பறித்து, முகர்ந்து, பிரித்தாள். வேலையில் குறை வைக்கவில்லை.

சாயந்தரம் இறங்கி வரும்போது கோப்பி ஸ்டோர் வாசலில், பழனியாண்டியை ஏற்றிப் போன கட்டுகஸ்தோட்டை வண்டிக்கார முஹைதீன் நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாராம். "ஒங்கட மாப்புள எழும்பிட்டார் தங்கச்சி. கஞ்சி குடிக்கார். அடுத்த வண்டியில கூட்டி வாறன்."

அங்கம்மா கும்பிட்டாள். அழுகை வந்தது. சந்தோஷம் மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது.

காம்பராவில் ராக்கம்மாவுக்கு அதற்குள் சேதி எட்டியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக வந்து கையைப் பிடித்தாள். அங்கம்மா கையை விலக்கிக்கொண்டாள்.

"நீ மோந்த பூவத்தான குடுத்த?"

ராக்கம்மாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. முகராமல் பறித்தால் நாற்றப் பூவும் கலந்திருக்கும், அதைக் கட்டி ஆத்தாவுக்குப் போட்டிருந்தால் நன்றாகவா இருந்திருக்கும் என்று கேட்டாள். துரைசாணி கண்ணெதிரில் தனியாக மடியில் கட்ட முடியாமல், அப்போதுதான் காயப் போட்ட தட்டிலிருந்து அள்ளி வந்ததையும் சொன்னாள்.

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னா நீ வாங்கியிருக்க மாட்ட."

"ஆமா. வாங்கியிருக்க மாட்டேன். காட்டு இலையாச்சும் பறிச்சுக் கட்டியிருப்பேன்."

"அதான் அவரு பொழைச்சுட்டாருல்ல. ஆத்தாளே ஏத்துக்கிட்டா. நீ எதுக்குடி இப்ப?"

"ஏத்துக்கிட்டது ஆத்தா பாடு. நீ பொய் சொன்னது எங்கிட்ட."

அடுப்பில் இரண்டு பேருக்குமான உலை கொதித்துக்கொண்டிருந்தது. அங்கம்மா தன் பானையையும் தன் பங்கு அரிசியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சுவரோரம் மூன்று கல்லைக் கூட்டி, ஈர விறகை அடுக்கினாள். பின்னாலேயே ராக்கம்மா ஒரு கொள்ளிக்கட்டையோடு வந்து நீட்டினாள். ஊதி ஊதிச் சிவக்க வைத்த கட்டை.

அங்கம்மா அதைப் பார்க்காதவள் போல எழுந்தாள். லயத்தில் எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்த நேரம். அவர்கள் பார்க்க நடந்து, கடைசிக் காம்பரா வேலாயியிடம் போய் அடுப்புக்கு நெருப்புக் கேட்டாள்.